தேசப்பட விதிகளும் அறிவிப்பும்

உலகெங்குமுள்ள தன்னார்வலர் ஊதியம் கருதாது ஒருங்கு சேர்ந்து வரைந்துவரும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் தேசப்படம் 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அதிற் பதிவு செய்துகொண்டோர் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்டோர். பாதை, கிணறு, பள்ளி முதலியவற்றை இன்ன குறிச்சொல்லாற் குறித்தல் வேண்டுமெனப் புதுவிதி செய்ய விரும்புவோர், தம் கருத்தை எழுதி வெளியிட்டு, இரண்டு வாரமேனும் பிறர் அபிப்பிராயத்தைக் கேட்டு, பின்னர் இரண்டு வாரம் வாக்கெடுத்தல் வேண்டும். ஆதரவு வாக்குகள் 8-க்குக் குறையாமலும், நூற்றுக்கு 75-க்குத் தாழாமலும் இருப்பின் அது ஏற்கப்படும். ஏற்கப்படாத குறியை வழங்கத் தடையில்லை. ஆயினும் ஏற்கப்பட்டதே விதிபோல் நிற்கும்.

கோடியெங்கே, எட்டெங்கே! எட்டுப்பேர் தீர்மானித்தலை நாம் குறைகூறோம். எல்லாரும் எல்லாவற்றிலும் தலையிட்டால் ஒரு தெருவும் வரையப்படாது. ஏனையோர் அறியாதிருத்தலே குறை. திருத்தங்கள் யாவும் பழைய பிரதிகளோடு காக்கப்படுகின்றன என்பது மெய்யே. ஆயினும் பூட்டாத பெட்டியுள் கிடக்கும் அறிக்கையை, பெட்டி இருப்பதையே அறியாதார் எங்ஙனம் படிப்பர்?

நடைபாதைக்கு ‘ஃபுட்வே’ என்னுங் குறிச்சொல் முன்னரே வழங்கியிருக்க, 2008-இல் ‘பாத்’ என்பதும் ஏற்கப்பட்டது. ஒற்றையடிப்பாதையை எதனாற் குறிப்பது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மழையில் நனைந்து வழியளந்தவர் இட்ட குறியை, அவர் கேளாத விதியொன்றைக் காட்டிப் பிறர் மாற்றுவராயின் அவர் மனம் வருந்தாதோ? (அவ்வருத்தத்தால் விலகுவோர் பெரும்பாலும் காரணம் சொல்லிச் செல்வதில்லை.)

ஆகவே, ஒவ்வொரு முன்மொழிவின் முகப்பிலும், அதனால் மாறும் பழைய குறிகள் எத்தனை, அவை எந்நாடுகளிலுள்ளன, எழுந்த ஆட்சேபங்கள் எவை, அவற்றுக்கு விடை யாது என்பன எளிய நடையில் எழுதப்படல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமன்று, அவ்வந்நாட்டார் மொழியிலும் அறிவித்தல் வேண்டும். இரண்டு வாரம் அதற்குப் போதாதெனின் நான்கு வாரமாகுக என்பதே நமது கருத்து.