ஊராட்சி எல்லைக்குள் 15 மதிப்பெண்



ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ கோடையில் நடத்தும் ‘யுவிகா’ முகாம் குறித்து எழுதுகிறேன். 2019-இல் மாநிலத்துக்கு மூன்று பேர் என்று தொடங்கி, கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்று, 2022-இல் திரும்பவும் வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கலாம். விஞ்ஞானிகளிடம் நேரில் கேள்வி கேட்கலாம், ஆய்வுக்கூடங்களைப் பார்க்கலாம், மாதிரி ராக்கெட் செய்யலாம். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ செலவு. முகாமில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆள் எடுக்கும் கணக்கில்தான் கோளாறு.

அந்தக் கணக்கு இது: எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 50, இணையவழி வினாடி வினாவுக்கு 10, அறிவியல் கண்காட்சிக்கு 10 வரை, ஒலிம்பியாட் போன்ற போட்டிப் பரிசுக்கு 5 வரை, விளையாட்டுக்கு 5 வரை, சாரணர் அல்லது என்.சி.சி.க்கு 5. மீதி 15, ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் படிப்பதற்கு.

கிராமத்துப் பிள்ளையைக் கைதூக்கிவிடத்தான் இந்த 15. நோக்கம் நல்லது. ஆனால் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் நகராட்சிப் பள்ளி. நான் அறிவியல் எடுத்த காலத்தில் அங்கே ஆய்வகம் என்பது ஒரு மர அலமாரி. பைபாஸைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போனால் நீச்சல் குளமும் குளிர்சாதன வகுப்பறையும் உள்ள ஒரு தனியார் பள்ளி. நகரத்துக்குள் பத்து ஏக்கர் எங்கே கிடைக்கும்? அதனால் வெளியே போய்க் கட்டினார்கள். நிலம் ஊராட்சி எல்லைக்குள் வருகிறது. நகரத்துக் காலனிகளிலிருந்து தினமும் பள்ளிப் பேருந்தில் ஏறிப் போகும் பிள்ளைகள் விதிப்படி கிராமப்புற மாணவர்கள். அவர்களுக்கு 15. நகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்குப் பூஜ்யம்.

என் பழைய மாணவி ஒருத்தி, அப்பா இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். சோடா பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, வேப்பமர உயரத்துக்கு ராக்கெட் விட்டவள். நனைந்த தாவணியோடு வந்து, “சார், தண்ணி குறைச்சா இன்னும் மேல போவுமா?” என்று கேட்டாள். இந்த விதிகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். “நம்ம ஸ்கூலத் தூக்கிட்டுப் போயி பைபாஸ்ல வெச்சா எனக்கும் 15 வருமா சார்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நகரத்து ஏழைக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். உண்மையான கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் இதே நஷ்டம்தான். அவனுக்குக் கிடைக்கும் 15 பைபாஸ் பள்ளிக்கும் கிடைத்துவிடுகிறது. அப்புறம் அதில் சலுகை ஏது? போட்டி மற்ற மதிப்பெண் பிரிவுகளுக்குப் போகிறது. ஒலிம்பியாட் என்ற சொல்லையே கேட்காதவன் அங்கே என்ன செய்வான்? எட்டாம் வகுப்புக்கு இங்கே பொதுத்தேர்வும் கிடையாது. கொண்டுவருவதாக அறிவித்த தமிழக அரசே 2020-இல் கைவிட்டது. அந்த முடிவு சரியானதே. ஆனால் வெவ்வேறு பள்ளிகள் வெவ்வேறு வினாத்தாளில் போடும் மதிப்பெண்ணை ஒரே தராசில் வைத்து, அதற்குப் பாதிக் கணக்கைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இஸ்ரோ தன் வீட்டையே பார்க்கட்டும். அதன் தலைவராக இருந்த சிவன் கன்னியாகுமரி மாவட்டக் கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர். இந்த விதியில் அவருக்கு 15 கிடைத்திருக்கும், நியாயம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்து ரயில்வே பள்ளியில் படித்தவர். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். ஊர் நகராட்சி என்பதால் அவருக்குப் பூஜ்யம்தான்.

இஸ்ரோவிடம் கேட்பது பெரிய காரியமல்ல. அந்த 15 மதிப்பெண்ணை, ஊராட்சியோ நகராட்சியோ, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு என்று மாற்றுங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் பங்கைக் குறைத்து, எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் வினாடி வினாவின் பங்கைக் கூட்டுங்கள். விண்ணப்பம் மார்ச் மாதத்தில் முடிகிறது. தலைமை ஆசிரியர்கள் பொதுத்தேர்வு வேலையில் மூழ்கியிருக்கும் நேரம். ஆகவே பள்ளிக்கு ஓர் ஆசிரியரை இதற்கென்றே ஒதுக்கும்படி நம் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் இவை நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.