தத்தெடுக்க வந்த தூரமும் தேடாமல் விட்ட தூரமும்

நம்ம மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று கொல்கத்தா போய் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வந்தார்கள் என்றால் போதும், கண் கலங்கிவிடும். "அஞ்சு வருஷம் காத்திருந்தாங்களாம்... மூணு தடவை ஃப்ளைட் பிடிச்சுப் போனாங்களாம்... எவ்ளோ பெரிய மனசு!" என்று ஆரம்பித்துவிடுவோம்.

பெரிய மனசுதான். மறுக்கவில்லை. இங்கே மெல்போர்னில் பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கு, அந்த அலைச்சலில் பாதியைப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் உண்டு. திருச்சிப் பக்கத்து நண்பர் குடும்பம். வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை, போலீஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, காராவின் தடையில்லாச் சான்று, தத்து உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றுக்கும் மாசக்கணக்கில் தவம் கிடந்தார்கள். கடைசியில் கொல்கத்தாவிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. இப்போது அது தமிழும் இங்கிலீஷும் கலந்து எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறது :-)

நான் கேட்பது வேறு. பெறப்போகிறவர்கள் போன தூரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் சொல்கிறோமே, பெற்றவளைத் தேடி யாராவது எவ்வளவு தூரம் போனார்கள்? இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. கேட்டால் "நல்ல விஷயத்துல ஏன்யா குறை கண்டுபிடிக்கிற?" என்று முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

எல்லாருக்கும் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்கிறேன். சரூ பிரையர்லி. 2013-ல் புத்தகம் எழுதினார், 2016-ல் 'லயன்' என்று படமாகவும் வந்தது. மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் கணேஷ் தலாய் என்ற பகுதியில் பிறந்த பையன். கட்டிட வேலையில் கல் சுமந்த அம்மா. 1986-ல், ஐந்து வயதில், அண்ணனோடு புர்ஹான்பூர் ஸ்டேஷனுக்குப் போனவன் அசந்து தூங்கி, தவறான ரயிலில் ஏறி, சுமார் 1,500 கி.மீ. தள்ளி ஹவுராவில் இறங்கினான். சில வாரங்கள் கொல்கத்தா தெருவில் கிடந்தான். அப்புறம் போலீஸ், லிலுவா காப்பகம், அங்கிருந்து சரோஜ் சூத் அம்மையார் நடத்திய ஐ.எஸ்.எஸ்.ஏ. அமைப்பு. தொலைந்த மறு வருடமே, 1987 செப்டம்பரில், மெல்போர்ன் விமான நிலையத்தில் புது அப்பா அம்மாவைப் பார்த்தான். பிறகு டாஸ்மேனியாவில் ஹோபார்ட் வாழ்க்கை.

பையன் தன்னால் முடிந்ததைச் சொல்லித்தான் இருக்கிறான். ஊர் பெயர் 'கினஸ்ட்லே' என்றான், கணேஷ் தலாய் என்பதன் மழலை. ஸ்டேஷன் பெயர் 'பெராம்பூர்' என்றான், அது புர்ஹான்பூர். அவனுடைய சொந்தப் பெயர் ஷேரு என்பதே சரூ என்றுதான் பதிவானது. ஒரிசாவில் ஒரு பெர்ஹாம்பூர், வங்காளத்திலேயே ஒரு பெர்ஹாம்பூர். குழந்தை சொன்ன ஊரை எங்கே என்று தேடுவது? படத்தில் ஒரு வசனம் வரும், கொல்கத்தா பேப்பர்களில் போட்டோ போட்டுத் தேடினோம், யாரும் வரவில்லை என்று. எப்படி வருவார்கள்? கல் சுமக்கிற அந்த அம்மாவுக்குக் கண்ட்வாவில் கொல்கத்தா பேப்பர் யார் கொண்டு வந்து கொடுத்தார்கள்?

அந்த அம்மா வேறு ஊருக்கும் போகவில்லை. பையன் திரும்பி வந்தால் தன்னைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று அதே பகுதியிலேயே இருந்தார். தேடிப் போயிருந்தால் கிடைத்திருப்பார். கடைசியில் யார் தேடினது? தொலைந்தவனே தேடினான். ரயில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும், என்ன வேகம் என்று கணக்குப் போட்டு, ஹவுராவைச் சுற்றி வட்டம் வரைந்து, கூகிள் எர்த்தில் ராத்திரி ராத்திரியாகத் தண்டவாளங்களைத் தொடர்ந்து, 2011-ல் கண்டுபிடித்தார். 2012 பிப்ரவரியில் வாசலில் போய் நின்றார். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது!

சூத் அம்மையாரையோ பிரையர்லி தம்பதியையோ நான் குற்றம் சொல்லவில்லை. 1986-ல் கொல்கத்தா தெருவில் ஐந்து வயதுப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாலே குலை நடுங்குகிறது. அவர்கள் காப்பாற்றினார்கள். என் சண்டை, இந்தக் கதையைப் பார்த்துவிட்டு "ஆகா, என்ன ஒரு பயணம்!" என்று டிஷ்யூ பேப்பரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிற நம்மோடு. அந்தப் படம் ஒரு வழக்குப் பதிவு மாதிரி. நாம் அதைத் தாலாட்டு மாதிரி பார்க்கிறோம்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்களுக்கு நம்ம சென்னைக் கதை. 1999, புளியந்தோப்பு. குழாயடிக்குப் பக்கத்தில் நின்ற, இரண்டு வயது கூட நிரம்பாத பிள்ளையை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்துக்கு விற்று, பெயரை மாற்றி, பெற்றவள் கையெழுத்து என்று போலிப் பத்திரம் செய்து, அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்பது வழக்கு. அதே நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன பிள்ளைகள் பற்றியும் புகார்கள் உண்டு. 2005-ல்தான் விஷயம் வெடித்தது. ஆஸ்திரேலியா 2010-ல் இந்தியத் தத்தையே நிறுத்திவைத்தது, 2018-ல்தான் திரும்ப ஆரம்பித்தது. என் நண்பர் குடும்பம் காத்திருந்ததற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

வங்காளம் வேண்டுமா? 2016 நவம்பர், வடக்கு 24 பர்கானா மாவட்டம் பாதுரியா. சி.ஐ.டி. போலீஸ் ஒரு நர்சிங் ஹோமில் நுழைந்தபோது பச்சைக் குழந்தைகள் பிஸ்கட் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. பெற்றவளிடம் "செத்துப் பிறந்தது" என்று சொல்லிவிட்டு, குழந்தையை விற்றார்கள் என்றது போலீஸ். அடுத்த சில மாதங்களில் ஜல்பாய்குரியில் ஒரு தத்து இல்லத்தை நடத்தியவரே கைதானார். வெளிநாட்டுக்காரர்களுக்கும் விற்றதாகக் குற்றச்சாட்டு. இது எந்தக் காலம் சாமி?

அடுத்த கோஷ்டி ஒன்று உண்டு. "வெள்ளைக்காரன் நம்ம பிள்ளையைத் தூக்கிட்டுப் போறான், தடை பண்ணு!" இவர்களிடம் ஒரே கேள்வி. நீங்கள் எடுக்கிறீர்களா? 2022 ஜூன் கணக்குப்படி இந்தியாவில் தத்துக்குத் தயாராக இருந்த குழந்தைகள் 3,596. அதில் 1,380 பேர் சிறப்புக் கவனம் தேவைப்படுகிறவர்கள். வரிசையில் நின்ற பெற்றோர் 28,000-க்கும் மேல். கணக்குப்படி ஒரு குழந்தை கூட மிஞ்சக் கூடாது. ஆனால் மிஞ்சுகிறது. ஏன்? நமக்கு இரண்டு வயதுக்குள், சிவப்பாக, 'நார்மலாக' வேண்டும். இதயத்தில் ஓட்டை உள்ளதையும், எட்டு வயது ஆனதையும், காது கேட்காததையும் வெளிநாட்டுக் குடும்பம்தான் ஏற்றுக்கொள்கிறது. கூட்டிப் போகிறவனைத் திட்ட, கூட்டிப் போகாதவனுக்கு என்ன யோக்கியதை?

டென்மார்க், நெதர்லாந்து மாதிரி நாடுகள் வெளிநாட்டுத் தத்துக்கே கதவைச் சாத்திவருகின்றன. இலங்கையிலிருந்து ஐரோப்பா போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் போலிப் பேப்பர்கள் வெளிவந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கோபம் நியாயம். ஆனால் கதவைச் சாத்தினால் அந்தக் காது கேட்காத எட்டு வயதுப் பிள்ளை உள்ளேயே கிடக்கும். அதனால் நான் தடை கேட்கவில்லை. தேடல் கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றவளே ஒப்படைத்தால் மனசு மாற இரண்டு மாதம். கைவிடப்பட்ட குழந்தை என்றால், இரண்டு வயது வரை இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் நான்கு மாதத்திலும் 'தத்துக்கு உரியது' என்று அறிவிக்க வேண்டும். 2017-ல் வந்த விதிகள் ஒரு படி மேலே போய், குழந்தை வேறு மாநிலம் என்றால் அதன் தெரிந்த சொந்த ஊரில், அந்த ஊர் மொழியில் விளம்பரம் தரச் சொன்னது. சபாஷ்! ஆனால் 'தெரிந்த' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சரூவுக்கு அது தெரியாமல்தானே போனது? தெரியாத ஊரை யார் கண்டுபிடிப்பது என்பதுதான் முழுக் கேள்வியும்.

இன்னொரு வேடிக்கை. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை தன் வேரைத் தேட உரிமை உண்டு. ஆனால் மூன்றாம் நபர் அதற்காகத் தேடக் கூடாது. ஹோபார்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ வேலை பார்க்கிறவர், வங்காளி ஒரு வார்த்தை தெரியாமல், தானே வந்து அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். சிறு வயதில் அனுப்பியபோது மட்டும் எத்தனை பேர் கூட ஓடினார்கள்!

ஆகவே என் கோரிக்கைகள்:

1. பேசத் தெரிந்த குழந்தை என்றால் அது சொல்வதை அதன் வாயாலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினால் ஷேரு சரூ ஆகிவிடுவான். அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கேட்கவையுங்கள்.

2. தேடியதற்கு ஆதாரம் கோப்பில் இருக்கட்டும். எந்த ஊர், எந்த பேப்பர், எந்தத் தேதி, எந்த போலீஸ் ஸ்டேஷன். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி செல்லாது.

3. காணாமல் போன பிள்ளைகளின் பெற்றோர் விரும்பினால் அவர்களின் டி.என்.ஏ.வையும், தத்துப் போகும் குழந்தையின் டி.என்.ஏ.வையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

4. பதினெட்டு வயதானதும் கோப்பைக் கையில் கொடுங்கள். பெற்றவள் பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பெயரை மட்டும் மறையுங்கள். தான் நம்பும் ஒருவரை வைத்துத் தேட அனுமதியுங்கள்.

கடைசியாக, தத்தெடுக்க விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் என் நண்பர்களுக்கு. மருத்துவ அறிக்கையை நான்கு டாக்டரிடம் காட்டுகிறீர்கள், நல்லது. குழந்தை எங்கே, யார் கையில் கிடைத்தது, அதற்குப் பிறகு யார் தேடினார்கள் என்றும் கேளுங்கள். "கேட்டால் ஃபைல் நின்னுடுமோண்ணே" என்று அந்த நண்பரே என்னிடம் பயந்தார். பயம் புரிகிறது. இத்தனை வருஷம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒரு மாதம் என்பது சாதாரணமில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்து அந்தப் பெண் உங்களிடம் கேட்கப்போவது நீங்கள் எத்தனை ஃப்ளைட் பிடித்தீர்கள் என்பதை இல்லை. "என்னைப் பெத்தவளை யாராவது தேடினாங்களா?" என்றுதான் கேட்பாள். அன்றைக்குக் காட்ட உங்கள் கையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

டிஸ்கி: 'சுயநலம் பிடித்தவன், பிள்ளை இல்லாதவர் வலி உனக்குத் தெரியுமா' என்று திட்ட வருபவர்கள் தாராளமாகத் திட்டலாம். திட்டிவிட்டு அந்த நான்கு கோரிக்கையில் எது தப்பு என்றும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்.