உப்புக்குக் கல்வெட்டு இல்லை

இங்கிலாந்தின் கவுண்டி மன்றங்கள் ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. உறைபனி இரவுகளில் எந்தெந்தச் சாலைகளில் பாறை உப்பு தூவப்படும் என்பதைச் சொல்லும் பட்டியல் அது. லிங்கன்ஷயரில் சாலைகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதில் இடம்பெறுகிறது. விடுபடுபவற்றில் பெரும்பாலானவை சிற்றூர்ச் சாலைகள். இதனை 'உள்ளாட்சியின் முடிவு' என்று எழுதிக் கடந்துபோவது ஆட்சியியல் துறையின் வழக்கமாகிவிட்டது. இந்தச் சொல்லாட்சியைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சாலைகளைப் பராமரிக்கும் கடமையை மன்றங்கள் மீது சுமத்தியது. ஆனால் பனிக்கட்டி படியாமல் தடுப்பது அந்தக் கடமையில் அடங்காது என்று, கிழக்கு சசெக்ஸ் கவுண்டி மன்றம் தொடர்பான வழக்கில் 2000-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 2003 ஜனவரி இறுதியில் பெய்த பனியில் எம்11 விரைவுச்சாலையில் வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கிக் கிடந்தன. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பனியிலிருந்து பயணிகளைக் காப்பதையும் மன்றங்களின் கடமையாக்கியது. ஆனால் 'நியாயமாக இயன்ற அளவுக்கு' என்ற நிபந்தனையும் உடன் சேர்ந்தது. எது இயன்ற அளவு என்பதைக் கையிருப்புப் பணமே பெரிதும் தீர்மானிக்கிறது. உப்புக்கும் ஓட்டுநர் கூலிக்கும் ஆகும் செலவோ மன்றத்தின் பொது வருவாயிலிருந்தே வர வேண்டும். கடமையை விதித்தது இலண்டன். கட்டணம் செலுத்துவது கவுண்டி.

அந்தப் பொது வருவாயின் பெரும்பகுதியை முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் எடுத்துக்கொள்கின்றன. அவையும் சட்டக் கடமைகளே. அவற்றில் கைவைக்க இயலாத மன்றம் நூலகத்தையும் பேருந்து மானியத்தையும் உப்பையும் வெட்டுகிறது. 2018 பிப்ரவரியில் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்த நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி மன்றம், அடுத்து வந்த குளிர்காலத்துக்கு உப்பு தூவும் சாலைகளைக் குறைத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே பின்வாங்கியது. வேறு வழியின்றி எடுக்கப்பட்ட முடிவைத் தேர்வு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

ஊரகங்களுக்குப் பணமே வரவில்லை என்று சொல்வதற்கில்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட ஊரக இங்கிலாந்து வளநிதி, இரண்டு ஆண்டுகளுக்கு 11 கோடி பவுன் வழங்கியது. ஆனால் அது முழுக்க மூலதனச் செலவுக்கான நிதி. சமூகக்கூடத்துக்குக் கூரை மாற்றலாம், சிறுதொழிலுக்கு இயந்திரம் வாங்கலாம். அந்தக் கூடத்துக்குச் செல்லும் சாலையில் ஓர் இரவுகூட உப்பு தூவ முடியாது. மக்கள் சிதறி வாழும் பகுதிகளில் சேவை நடத்த ஆகும் கூடுதல் செலவை ஈடுசெய்ய ஊரகச் சேவை வழங்கல் மானியம் என்று ஒன்று இருந்தது. மன்றங்கள் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் அது. 2024–25-இல் அதன் அளவும் 11 கோடி பவுன்தான். 2025–26-இல் அது அடியோடு நிறுத்தப்பட்டது. மூலதன நிதியோ, தொகை குறைந்தாலும், மேலும் ஓராண்டு நீடித்தது. வளநிதியைத் தொடங்கியது கன்சர்வேட்டிவ் அரசு. மானியத்தை நிறுத்தியது தொழிற்கட்சி அரசு. கட்சி மாறினாலும் கணக்கு மாறவில்லை. கூரைக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. இரவில் தூவிய உப்பு விடிவதற்குள் கரைந்துவிடுகிறது. அதற்கு யார் கல்வெட்டு வைப்பார்?

இதற்கு இரண்டு மறுப்புகள் வைக்கப்படுகின்றன. வறுமை மிகுந்த பகுதிகளுக்கு அந்தப் பணம் கூடுதலாகத் தேவை என்பது முதலாவது. அந்தத் தேவை மெய்யானதே. ஆனால் ஏழை நகரத்தையும் தொலைதூரச் சிற்றூரையும் ஒரே பானைக்குப் போட்டியிட வைப்பது நீதியாகாது. போக்குவரத்தின் பெரும்பகுதி ஓடும் சாலைகள் பட்டியலில் இருக்கின்றன என்பது இரண்டாவது. வாகன எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் ஆள் குறைந்த சாலை எப்போதும் தோற்கும். கணக்குப் போடும் முன்பே விடை தெரிந்துவிடுகிறது. அந்தச் சாலையில் விடியற்காலையில் செல்பவர்கள் யார்? முதியவரை எழுப்பி மருந்து கொடுக்கச் செல்லும் பராமரிப்புப் பணியாளர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பண்ணையிலிருந்து பால் எடுக்க வரும் வண்டிக்காரர். பயணத்தைத் தள்ளிப்போட இயலாதவர்கள் இவர்கள். எத்தனை பேர் செல்கிறார்கள் என்று எண்ணும் அளவுகோல், செல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

ஆய்வுலகமும் இந்தக் குறையில் பங்காளிதான். திட்ட நிதியின் மதிப்பீட்டு அறிக்கைகள் எத்தனை கூடங்கள் சீரமைக்கப்பட்டன, எத்தனை வேலைகள் உருவாயின என்று எண்ணுகின்றன. அதே காலத்தில் அதே ஊர் இழந்த சேவைகள் அந்த அட்டவணைக்குள் வருவதில்லை. வரவை மட்டும் எழுதி இழப்பை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

பிரிட்டிஷ் உள்ளாட்சியை முன்மாதிரியாகக் காட்டும் இந்தியக் கல்விப்புலம் இதில் தன் முகத்தையும் பார்க்கலாம். 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது. கட்டற்ற எஞ்சிய பகுதியைக்கூட ஊதியத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் பயன்படுத்த முடியாது. தொட்டி கட்டலாம், அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. பனி இல்லாத ஊரிலும் இதே கதைதான்.

ஆகவே ஊரக நிதி குறித்து எழுதுவோர் 'எவ்வளவு வந்தது' என்பதோடு நிறுத்தக்கூடாது. எந்தத் தலைப்பில் வந்தது, எதற்குச் செலவிடத் தடை இருந்தது, அதே ஆண்டில் எந்தச் சேவை நின்றது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். அரசுகளிடம் கேட்க வேண்டியதோ ஒன்றே ஒன்று: சட்டத்தில் எழுதும் கடமை ஒவ்வொன்றுக்கும், அதை அன்றாடம் நிறைவேற்றும் வருவாயையும் உடன் எழுதுங்கள்.