தாழிக்குள் சாதி தேடும் தம்பிகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னிடம் படித்த பையன்களே மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இடது பக்கம் பாம்புத்தலை வைத்த வைகிங் கப்பல், அதற்குள் நெஞ்சின் மேல் வாளோடு படுத்திருக்கும் வீரன். வலது பக்கம் ஆதிச்சநல்லூர்த் தாழி, மேலே துருப்பிடித்த இரும்பு வாள். "அவனுக்குக் கப்பல், நமக்குத் தாழி, அவனுக்கு முன்பே நாம் மாவீரர்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு சாதிச் சங்கத்தின் வண்ணப்பட்டை, கூடவே 'ஆண்ட பரம்பரை'.

வேடிக்கை என்னவென்றால், மறுநாள் அதே படம் வேறொரு வண்ணப்பட்டையோடு வந்தது. தாழி அதே தாழி, வாள் அதே வாள். கொடி மட்டும் மாறிவிட்டது. ஒரே பிணத்துக்கு இரண்டு வீட்டார் கொள்ளி வைக்க வந்து நிற்கிற மாதிரி.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். முப்பது வருசத்துக்கு மேல் இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் துணைக்கு அழைத்த வைகிங்குகளையே முதலில் பார்ப்போம். சீரியலில் பார்த்ததை விடுங்கள். எஸ்தோனியாவில் சாரெமா என்ற தீவில் சால்மே என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2008இல் மின்கம்பி பதிக்க மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. தொடர்ந்து தோண்டியதில் இரண்டு கப்பல்கள். ஒன்றில் 7 பேர், மற்றதில் 34 பேர், ஆக 41 ஆண்கள். காலம் சுமார் கி.பி. 750. வைகிங் காலம் தொடங்கியதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் 793ஆம் ஆண்டு லிண்டிஸ்பார்ன் மடத்துத் தாக்குதலுக்கும் முந்தியது. வாள்கள் இருந்தன, வெட்டுக்காயம் பட்ட எலும்புகளும் இருந்தன. ஆனால் அவற்றோடு நூற்றுக்கணக்கில் ஆட்டக்காய்களும் இருந்தன. நம் ஊர் தாயக்கட்டம் மாதிரி பலகையில் வைத்து ஆடுகிற காய்கள். வேட்டை நாய்களும் வேட்டைப் பறவைகளும் இருந்தன. பல்லில் உள்ள வேதிப்பொருளை வைத்து இவர்களில் பெரும்பாலோர் நடு ஸ்வீடன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று கண்டார்கள். 2020இல் வெளியான மரபணு ஆய்வு, பக்கத்தில் பக்கத்தில் கிடந்த நான்கு பேர் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள் என்று சொன்னது. நாலு பிள்ளைகளையும் ஒரே பயணத்தில் பறிகொடுத்த ஒரு தாய் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பாள். உங்கள் போஸ்டரில் அவளுக்கு இடமில்லை.

இன்னொன்று. ஸ்வீடனில் பிர்கா என்ற ஊரில் 1878இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்பு, கேடயம், இரண்டு குதிரைகள். இதைவிட உத்தமமான வீரனின் கல்லறை கிடையாது என்று நூறு வருசத்துக்கு மேல் எழுதினார்கள். 2017இல் எலும்பின் மரபணுவைப் பார்த்தால், அது பெண்! நார்வேயில் கிடைத்த மிக அழகான கப்பல் ஓசெபர்க் கப்பல். 834இல் புதைத்தது, 1904இல் தோண்டியது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பெண்கள். பழங்காலத்திலேயே திருடர் புகுந்த மேடுதான். ஆனாலும் மிச்சமிருந்தது வண்டி, பனிச்சறுக்கு வண்டிகள், தறி, நெய்த துணி, சமையல் பாத்திரம். போர்வாள் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் கப்பலைச் செதுக்கிய தச்சன் யார்? அது ஓட, ஆட்டு மயிரைத் திரித்துப் பாய் நெய்தவள் யார்? வாளைப் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

அங்கேயும் உங்களைப் போல ஒரு கூட்டம் கிளம்பியது. 1930களில் ஹிட்லரின் கையாள் ஹிம்லர் 'முன்னோர் மரபு' ஆராய ஒரு நிறுவனமே வைத்து, ஹைதாபு என்ற வைகிங் துறைமுகத்தைத் தோண்ட வைத்தார். மண்ணுக்குள் தேடியது இரத்தத்தை. அந்த இரத்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே உங்களுக்கு நடத்தினேன். பரீட்சைக்குப் பிறகு மறந்துவிட்டீர்கள் போல.

சரி, நம் பறம்புக்கு வருவோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், தாமிரபரணிக்குத் தென்கரையில், நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற மேடு அது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ. அவர் எடுத்த பொருள்களின் பட்டியல் 1915இல் சென்னை அரசு அச்சகத்தில் புத்தகமாகவே வந்தது. போஸ்டர் போட்டவர்களில் ஒருவராவது அந்தப் பட்டியலைப் புரட்டியிருந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

வாள் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னார்? குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை எல்லாம் இருக்கின்றன. மண்வெட்டியும் இருக்கிறது. நெல் உமி, பருத்தித்துணியின் ஒட்டு, வெண்கல வடிகட்டி, குவளை, காப்பு, நெற்றியில் கட்டுகிற பொன் தகடு இருக்கின்றன. வெண்கல மூடிகளின் மேல் எருமை, ஆடு, சேவல், புலி, மான். சேவலை எவ்வளவு ஆசையாக வார்த்திருக்கிறான் என்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். 2004இல் சத்தியமூர்த்தி தோண்டியபோது 160க்கு மேல் தாழிகள் வெளிவந்தன. ஒரு பானை ஓட்டில் மெலிந்த ஒரு பெண், மீனைக் கவ்விய கொக்கு, மான் என்று ஒட்டுருவமாகச் செய்திருந்தார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்தவன் கைதான் அதைச் செய்யும்.

ரீ எழுதிய ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இரும்பு ஆயுதங்கள் முனை கீழே பார்த்தபடி மண்ணில் செருகிக் கிடந்தன, துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றி நின்று குத்தி வைத்தது போல இருந்தது என்கிறார். இப்போது சொல்லுங்கள், அந்த வாள் செத்தவனுடையதா, அழுதவனுடையதா? செத்தவன் எழுந்து வந்து தன் தாழியை அடுக்கிக்கொள்வதில்லை. தாழிக்குள் இருப்பது, இருந்தவர்கள் போனவர்களுக்குக் கொடுத்தது. தொல்லியல் படிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். வாள் இருந்தால் வீரன், பொன் இருந்தால் அரசன் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். பிர்காவில் அப்படித்தான் எழுதினார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. வாளை அடித்தவன் கொல்லன். வெண்கலத்தை வார்த்தவன் கன்னான். அதற்கு வேண்டிய வெள்ளீயம் நம் ஆற்றங்கரையில் விளைகிற பொருள் இல்லை, தூரத்திலிருந்து ஒரு வியாபாரி கொண்டுவந்திருக்கிறான். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் வரும் தாழியை விரிசல் விடாமல் சுட்டெடுத்தவன் குயவன். வெங்கச்சங்கல் பாறையைக் குடைந்து ஒவ்வொரு தாழிக்கும் தனிக்குழி வெட்டியவன் யாரோ ஒரு கூலியாள். புறநானூற்றிலே தாழியைப் பாடும்போது புலவர் யாரைக் கூப்பிடுகிறார்? குயவனை. சோழன் இறந்தபோது, இவ்வளவு பெரியவனுக்கு எப்படியப்பா தாழி வனைவாய் என்று கேட்பதும் அவனிடம்தான். கணவனை இழந்த ஒருத்தி, எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கெஞ்சுவதும் அவனிடம்தான். அந்தத் தாழி 'எங்களுடையது' என்று போஸ்டர் அடிக்கிறீர்களே, உங்கள் தெருவில் பானை விற்க வருகிறவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? 'வாங்க அண்ணாச்சி' என்றா, 'ஏல' என்றா?

சாதிக்கணக்கு கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. உங்களுக்கு அப்பா அம்மா 2. தாத்தா பாட்டி 4. அடுத்து 8. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் 20 தலைமுறைக்கு முன்னால், அதாவது சுமார் 500 வருசத்துக்கு முன்னால், 10,48,576 இடம். 30 தலைமுறையில் 107 கோடி. அவ்வளவு ஜனம் இந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆக அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப எல்லார் வீட்டு மூதாதையாகவும் வருகிறார்கள். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அங்கிருந்து எண்ணினால் 120 தலைமுறைக்கு மேல். கரும்பலகையில் எழுத இடம் போதாது.

"சார், நாங்கதான் சாதிக்குள்ளேயே கட்டிக்கிறோமே" என்பீர்கள். எப்போதிருந்து? ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த மரபணு ஆய்வு 2013இல் வந்தது. இன்றைக்குச் சுமார் 4,200 முதல் 1,900 வருசத்துக்கு முன்பு வரை இந்த நாட்டில் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன. உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறகுதான் இறுகியது என்கிறது அது. சிவகளை நெல்லின் காலத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வேலி போடுவதற்கு முந்தைய காலத்து மண்ணில் வந்து நின்று வேலிக்கணக்கு கேட்கிறீர்கள்.

மண்டையோட்டை அளந்து இனம் சொல்லுகிற வேலையும் நடந்ததுதான். சுக்கர்மேன் என்ற உடற்கூற்று நிபுணர் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை ஆராய்ந்து எழுதியதை 1930இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. உலகப்போரில் குண்டுவீச்சுக்கு ஆலோசனை சொன்ன அதே சுக்கர்மேன். அப்படி அளந்தவருக்கும் எந்த ஓட்டிலும் சாதிப் பெயர் அகப்படவில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அந்த வண்ணப்பட்டை போஸ்டரோடு நிற்பதில்லை, பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு வருகிறது. நெற்றிப்பொட்டில் ஒரு நிறம், கையில் கட்டுகிற கயிற்றில் ஒரு நிறம். நிறத்தைப் பார்த்து பெஞ்சில் இடம் பிடிப்பதை வருசக்கணக்கில் பார்த்தவன் நான். ஒருமுறை முதுமக்கள் தாழி பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், பானைக்குள்ள இருந்தது எங்க ஆளா, அவங்க ஆளா?" என்று கேட்டான். வகுப்பு சிரிக்கவில்லை. பதிலுக்காக அமைதியாகக் காத்திருந்தது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? ஒரே பள்ளியில் படித்த பையன்கள், ஒரு பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு. கயிறும் பொட்டும் பள்ளிக்குள் வரக்கூடாது என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தபோது, பண்பாட்டில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. 'நாம் வெட்டுகிற வம்சம்' என்று ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால், பதினேழு வயதில் அவன் எதைக் கையில் எடுப்பான்? அதற்குச் சாட்சியாக மூவாயிரம் வருசத்து இரும்பை நீங்கள் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

பெருமை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2025 ஜனவரியில் வந்த தமிழகத் தொல்லியல் துறையின் இரும்பு அறிக்கையில் சிவகளையின் காலம் கி.மு. 3345 வரை போகிறதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. பெருமைப்பட்டால் சண்டை போடுவதற்கு உருப்படியான காரணம் நிறைய இருக்கிறது. 1876இல் யாகோர் அள்ளிக்கொண்டு போன நம் பானையும் இரும்பும் மண்டையோடும் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. நார்வேக்காரன் 1880இல் தோண்டிய கொக்ஸ்டாட் கப்பல் அவன் தலைநகரிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் விசா எடுக்க வேண்டும். 2004, 2005இல் தோண்டியதன் அறிக்கை வெளிவரப் பதினைந்து வருசத்துக்கு மேல் ஆனது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருசங்களில் எந்தச் சாதிச் சங்கம் அந்த அறிக்கைக்காகச் சாலையில் உட்கார்ந்தது? இந்த நாகரிகத்துக்கே பெயர் கொடுத்த பொருநையில் நெல்லை மாநகரத்துச் சாக்கடை கலக்கிறது. அதற்கு எந்த ஆண்ட பரம்பரை போஸ்டர் அடித்தது?

எனக்கு மூன்று கோரிக்கைகள். ரீயின் பட்டியல் படங்களோடு நல்ல தமிழில் வந்து, இந்த இரண்டு மாவட்டத்துப் பள்ளி நூலகங்களிலும் இருக்க வேண்டும். பறம்பில் 2023இல் திறந்த கள அருங்காட்சியகத்துக்கு எட்டாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடமே கூட்டிப்போக வேண்டும், பஸ் செலவு அரசாங்கத்துடையது. பெர்லினில் இருப்பதைத் திருப்பிக் கேட்க வேண்டும். உடனே தரமாட்டார்கள், கண்காட்சிக்காவது அனுப்பச் சொல்லிக் கேட்போம்.

மூன்றாவதற்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். பெயரும் ஊரும் போதும். பெயருக்குப் பின்னால் வேறு எதையும் சேர்த்து எழுதினால் அடித்துவிடுவேன். சிவப்பு மை பேனா இன்னும் கைவசம் இருக்கிறது.