பழைய டீசல் கார்களின் பின்னால் ஓடும் இளைஞர்கள்

கடந்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அக்காவின் மகன். இருபத்தாறு வயது. வங்கியொன்றில் வேலை.

"மாமா, ஒரு கார் பாத்து வைச்சிருக்கிறன். இசுசு ஜெமினி, டீசல். 83 ஆம் ஆண்டுக் கார். தெகிவளையில நிக்குது. நீங்கள் ஒருக்கால் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான்.

1983 என்றதும் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. அவனுக்கோ அது ஒரு காரின் மொடல். தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் யப்பானில் செய்யப்பட்ட காரை, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு வாங்கத் துடிக்கிறான். அவன் ஒருவன் மட்டுமல்லன். கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இசுசு ஜெமினி, டீசல் எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா கொரோலா, நிசான் சனி ஆகியவற்றைத் தேடி அலையும் இளைஞர்களை நான் தொடர்ந்து கண்டு வருகிறேன். இதனை வெறும் இளமைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அது நேர்மையான பதிலாகாது.

முதலாவது காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டில் ஓடிய கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் என்பது நடுத்தர வர்க்கத்து இளைஞன் ஒருவன் எட்டிப் பார்க்கவும் முடியாத உயரத்திலேயே இருக்கிறது. அவனுடைய கைக்கு எட்டுவது நாற்பது வயதுக் கார்தான்.

இரண்டாவது காரணம் எரிபொருள். 2021 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 157 ரூபாவாகவும் டீசல் 111 ரூபாவாகவும் இருந்தன. டீசல் எஞ்சின் அதே லீற்றருக்குப் பெற்றோல் எஞ்சினைவிடக் கூடுதலான தூரம் ஓடவும் செய்யும். இந்தக் கணக்கு எங்கள் ஊரில் மூன்று தலைமுறைகளாக மனப்பாடம். ஆனால் 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாவாகவும் டீசல் 460 ரூபாவாகவும் ஆனபோது விலை வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. பின்னர் கியூஆர் முறையில் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அதன் பின்னரும் டீசல் கார் மீதான மோகம் குறையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஆகவே விலைக் கணக்கு மட்டும் இதனை விளக்கிவிடாது.

மூன்றாவது காரணத்தை மருமகனே சொன்னான். "மாமா, இதுக்குக் கொம்பியூட்டர் வேண்டாம். ஒரு ஸ்பானரும் ஒரு நல்ல மெக்கானிக்கும் காணும்."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ருடோல்ப் டீசல் 1897 இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை மிக எளிமையானது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது ஐந்நூறு பாகைக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறிக்கென்று பிளக்கும் வேண்டாம், கொயிலும் வேண்டாம். பழைய டீசல் கார்களில் எரிபொருளை அளந்து அனுப்புவதும் பல்சக்கரங்களும் வில்லுகளும் கொண்ட ஒரு பம்புதான். இன்றைய கார் வழியில் நின்றால் அதனுடன் பேசுவதற்கு ஒரு கருவியும், அந்தக் கருவியின் மொழி தெரிந்த ஒருவரும் வேண்டும். ஹைபிரிட் காரின் பற்றரி இறந்தால் அதன் விலையைக் கேட்டு உரிமையாளரும் படுத்துவிடுகிறார். பழைய டீசல் எஞ்சினோ கழற்றி, கழுவி, மீண்டும் பூட்டக்கூடியது. தெசலோனிக்கி நகரத்து வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் தமது 1976 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240 டீசல் காரை, இடையிடையே எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டி, 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டிய பின் 2004 இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்.

இதற்கும் அடியில் எங்கள் மண்ணுக்கே உரிய நான்காவது காரணம் ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். 1990 இல் போர் மீண்டும் வெடித்த பின்னர் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை உசுப்புவதற்கு மட்டும் சிறு போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளிகள். புதிய வாகனங்கள் முற்றத்தில் முடங்கிக் கிடந்தபோது, எவரும் மதிக்காத பழைய கார்கள்தான் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றன.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நடக்க இயலாத என் அம்மாவை அயலவர் ஒருவர் தமது மண்ணெண்ணெய்க் காரில் ஏற்றினார். சாவகச்சேரிக்கு ஏறக்குறைய பதினாறு கிலோமீற்றர். சனத்துக்கு நடுவே அந்தக் கார் இரவு முழுவதும் ஊர்ந்தது. நான் அதன் பின்னால் நடந்தேன். நாவற்குழிப் பாலத்துக்கு அருகில் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் அந்த மனிதர் மழையில் பொனற்றைத் திறந்து, வாயால் ஊதி, மீண்டும் உயிர் கொடுத்தார்.

இந்தக் கதையை அம்மா தன் பேரனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு அந்த இரவு தெரியாது, அவன் பிறக்கவில்லை. ஆனாலும், கையால் திருத்தக்கூடிய எஞ்சின் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்ற பாடம் அவனுக்குள் இறங்கியிருக்கிறது. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தபோது அந்தப் பாடம் அவனுக்கு உறுதியாகியிருக்கும். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நாட்டில் எவரிடமும் கையேந்தாத ஒரு வாகனம் வேண்டும் என்று இளைஞன் ஒருவன் நினைப்பதை நான் எப்படிக் குறை கூறுவேன்?

ஆகவே தெகிவளைக்குப் போனேன். கார் அழகாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பி, ஹீற்றர் பிளக்குகள் சூடேறும்வரை சில விநாடிகள் பொறுத்து, உரிமையாளர் எஞ்சினை உசுப்பினார். அந்தக் கடகட ஓசையில் ஒரு கம்பீரம் உண்டு, மறுப்பதற்கில்லை. பின்னர் அவர் பெருமையுடன் அக்சிலேற்றரை மிதித்தார். கறுப்புப் புகை ஒழுங்கை முழுவதையும் மூடியது. பக்கத்து வீட்டுப் படலையடியில் பாடசாலை வானுக்காகக் காத்துநின்ற சிறுமி, வெள்ளைச் சீருடையின் கழுத்துப் பட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் எவரையும் திட்டவில்லை. பழகிப் போயிருக்கிறாள்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. பழைய எஞ்சின்களுக்கு வடிகட்டியும் இல்லை.

"இது புகைப் பரிசோதனையில் தேறுமா?" என்று உரிமையாளரைக் கேட்டேன். சிரித்தார். பரிசோதனைக்கு முதல்நாள் பம்பின் திருகாணியைச் சற்று இறக்கினால் டீசல் குறைவாகப் போகும், புகை வராது, சான்றிதழ் கிடைக்கும். வீட்டுக்கு வந்து பழையபடி ஏற்றிவிடலாம் என்றார். இது இரகசியமல்ல. மருமகனுக்கும் தெரிந்திருந்தது. "எல்லாரும் அப்பிடித்தானே மாமா செய்யினம்" என்றான்.

எல்லோரும் செய்கிறார்கள்தான். 2015 இல் அம்பலமான வொக்ஸ்வாகன் விவகாரத்தில், பரிசோதனை வேளையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் பொருத்திய கார்கள் உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்கள் கணினியால் செய்ததை எங்கள் ஆட்கள் திருகாணியால் செய்கிறார்கள்.

அரசுகளின் போக்கும் சீரானதல்ல. டில்லியில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலையில் அவற்றுக்கு எரிபொருள் வழங்குவதை நிறுத்த முயன்றபோது, எதிர்ப்பினால் சில நாட்களிலேயே பின்வாங்க நேர்ந்தது. லண்டனில் 2023 ஆகஸ்ட் முதல் நகரம் முழுவதும் யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடுகிறார்கள். பதினைந்து வயதுக் காரை வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போகும் ஈஸ்ற்ஹாம் தமிழர் அதனைக் கட்டுகிறார். நாற்பது வயதைத் தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவு பெற்ற காருக்கோ விலக்கு. மருமகன் பார்த்து வைத்த ஜெமினி லண்டனில் நின்றிருந்தால் ஒரு சதமும் கட்டாமல் புகைத்திருக்கும்!

எனவே தடைச் சட்டம் ஒன்றே போதும் என்று நான் நம்பவில்லை. நல்ல பேருந்தும் ரயிலும் தராத அரசு, புதிய காரையும் வரியால் தடுத்துவிட்டு, பழைய காரை வாங்கும் இளைஞனை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் அரசின் குற்றம் எங்கள் குற்றத்தைக் கழுவிவிடாது. 1995 இல் அந்த மண்ணெண்ணெய்ப் புகைக்கு ஒரு நியாயம் இருந்தது. தொய்வு நோயாளியான என் அம்மா இரவு முழுவதும் அதனைச் சுவாசித்தார். வேறு வழி இருக்கவில்லை. இன்று சனிக்கிழமை மாலையில் நண்பர்களுடன் வீதியில் ஓடும் காரின் புகைக்கு அந்த நியாயத்தைக் கடன் வாங்க முடியாது. பம்பையும் இன்ஜெக்டர்களையும் செப்பனிட்டால் பழைய எஞ்சினின் கரும்புகையும் பெருமளவு அடங்கும். அதற்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பணத்தைச் செலவழிக்காதவர், தமது செலவை அந்தச் சிறுமியின் நெஞ்சில் எழுதுகிறார்.

அன்றிரவு மருமகனுக்குச் சொன்னேன்: "காரை வாங்கு. ஆனால் முதல் வேலையாகப் பம்பைக் கழற்றிக் குடு. நீ ஒவ்வொரு நாளும் எப்படி ஓடுறியோ அப்படியே பரிசோதனைக்குக் கொண்டு போ. திருகாணியில் கை வைக்கிறதெண்டால் எனக்குச் சொல்லாதை. நானும் அந்தக் காரில ஏற மாட்டன்."

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்னர், பம்புக்கும் நான்கு இன்ஜெக்டருக்கும் எவ்வளவு முடியும் என்று விசாரித்துவிட்டுச் சொல்வதாகக் கூறினான். நேற்று மீண்டும் அழைத்தான். செலவு அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறதாம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து வாங்கப் போகிறானாம்.