சோர்ந்து சுழலும் படகு மோட்டார்

மான்குர்த்திலிருந்து வாஷிக்குச் செல்லும் ரயிலில் கதவோரம் நிற்கும் அன்பர்கள், தாணே உப்பங்கழியைக் கடக்கும்போது கீழே சிறு படகுகள் ஊர்வதைக் கண்டிருப்பார்கள். கழியின் இக்கரையில் டிராம்பே கோளிவாடாவில் கோளி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வருகின்றனர். அவர்களுக்கு அண்டை அயலார் நம்மவர். 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் குடியேறியவர்களில் தமிழர் பலர். நம்மவரின் உற்றார் உறவினரோ இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் குமரிக்கரையிலும் கடலை நம்பிப் பிழைக்கின்றனர். ஆகையால் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பற்றி இம்மாதம் இந்தப் பகுதியில் எழுதுவது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகாது.

சிறு மோட்டாரைக் கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்பிவிடலாம். குதிரைசக்தி மிகுந்தவற்றைக் கையால் இழுத்து மாளாது. ஆகவே அவற்றுக்குப் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் உண்டு. சாவியைத் திருப்பியதும் விறுவிறுவென்று சுழல வேண்டிய இயந்திரம், சில வேளைகளில் முனகிக்கொண்டு மெல்லப் புரளும், பற்றிக்கொள்ளாது. இந்த நோய்க்குத்தான் இன்று பரிகாரம் தேடப் போகிறோம்.

இது அற்ப விஷயமன்று. கழியில் வற்றம் இறங்கத் தொடங்கும் வேளையில் மோட்டார் கிளம்பாவிட்டால், படகு சேற்றில் தரைதட்டி அடுத்த பெருக்கு வரும்வரை அங்கேயே கிடக்கும். பிடித்த மீன் கெடும். பாக் நீரிணையிலோ நிலைமை இன்னும் கொடிது. இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு வகுத்திருக்கின்றன. இயந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துச் செல்லும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தாண்டிவிட்டால் கைதும் படகுப் பறிமுதலும் நேர்கின்றன. ஊரில் ஒரு குடும்பமே பரிதவிக்கிறது.

மோட்டார் சோர்ந்து சுழன்றால் பெரும்பாலோர் உடனே கூறும் தீர்ப்பு, "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்கு" என்பதே. சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் உப்புக்காற்றில் உழலும் படகில் குற்றவாளி பெரும்பாலும் வேறு. பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே உள்ள இணைப்புகளில் ஒன்றிலே அது ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பாட்டரியை மாற்றினால், பல ஆயிரம் ரூபாய் செலவழிந்த பிறகும் பழைய முனகலே மிஞ்சும்.

மெல்லச் சுழன்றாலும் சுழலத்தானே செய்கிறது, ஏன் பற்றவில்லை என்று கேட்கலாம். பல மோட்டார்களில் பிளைவீல் சக்கரத்தில் பதித்த காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. சக்கரம் ஓரளவு வேகத்தோடு சுற்றினாலன்றிப் பொறி பிறவாது. மின்னணு முறையில் பெட்ரோல் பாய்ச்சும் புதிய மோட்டார்களிலோ, பாட்டரியின் அழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி வேலை செய்ய மறுக்கும். ஆகவே குறைந்த வேகம் என்பது பாதி வெற்றியன்று; முழுத் தோல்வியே.

இனி, இணைப்பில் வலிமை எவ்வாறு தொலைகிறது என்று பார்ப்போம். 1827-இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதி இதற்குப் போதும்: ஒரு தடையின் வழியே மின்னோட்டம் செல்லும்போது, இரண்டையும் பெருக்கினால் வரும் அளவு வோல்ட் அங்கே இழக்கப்படும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை ஓர் ஓமில் நூறில் இரண்டு பங்குதான் என்றாலும், 150 × 0.02 = 3 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. 12 வோல்ட்டில் 3 போனால் மிச்சத்தைக் கொண்டு எப்படிச் சுழல்வது? அதே இணைப்பின் வழியே 1 ஆம்பியர் விளக்கு எரிந்தால் இழப்பு 0.02 வோல்ட் மட்டுமே. "விளக்கு நன்றாக எரிகிறதே, இணைப்பில் குற்றமில்லை" என்று ஏமாறுவது இதனால்தான். அடைப்புள்ள குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடிக்கலாம். தெருவே குடத்தோடு வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

ரயில்வேயில் இருப்போருக்கு இக்கணக்கு புதிதன்று. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடிய, இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1,500 வோல்ட்டில் ஓடிற்று. நமது ஹார்பர் பாதையும் 2016-இல் 25,000 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. வோல்ட் உயர்ந்தால் அதே சக்திக்குக் குறைந்த ஆம்பியர் போதும். வழியில் இழப்பும் குறையும். படகுப் பாட்டரியின் கதை இதற்கு நேர்மாறு. வெறும் 12 வோல்ட்டில் பெருவேலை வாங்குவதால் ஆம்பியர் மிகுகிறது. ஒவ்வொரு இணைப்பும் சுங்கச்சாவடியாக நின்று பங்கு பிடுங்குகிறது.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் மூடியைத் திறந்து காற்றாட விடுக. பெட்ரோல் வாசனை இருந்தால் அது போகும்வரை எதையும் தொடலாகாது. மோட்டாரின் அடிப்பாகம் நீரில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். விசிறியருகே ஆள் நிற்கலாகாது. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டால், பெரும்பாலான மோட்டார்கள் பொறியின்றிச் சுழல மட்டும் செய்யும்.

முதற்படி, பாட்டரி. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்த ஈய-அமிலப் பாட்டரி முழு நிறைவில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் பசித்துக் கிடக்கிறது. நிறைந்த பாட்டரியாயின், ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் பாட்டரியின் ஈய முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சுழலும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11-க்கு அருகில் நின்றுகொண்டே மோட்டார் சோர்ந்தால் பாட்டரியின்மேல் பழியில்லை. வழியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாம் படி, வழி. மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் பாசிட்டிவ் முனையில், மறுமுனை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில். சுழற்றும்போது அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ, சாலினாய்டிலோ, இணைப்பிலோ இழப்பு உண்டு. அதேபோல் பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையே பார்க்க வேண்டும். இந்த எர்த் பக்கத்தைப் பார்க்க மறப்பவர் பலர். மேலே கண்ட கணக்கில் இழந்த 3 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 450 வாட். ஒரு சிறு இஸ்திரிப் பெட்டியின் சூடு! ஆகவே கெட்ட இணைப்பு, சில முறை சுழற்றிய பின் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சுத்தம் செய்யும்போது நெகடிவ் கேபிளை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுக. வெண்மையான அமிலப் பூச்சைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவலாம். அது பாட்டரியின் உள்ளே புகலாகாது. நல்ல தண்ணீரால் அலசி, உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்து, உலோகம் பளிச்சிட்ட பின் ஸ்பேனரால் இறுக்கி, மேலே வாஸலின் தடவுக. விரலால் திருகும் சிறகு நட்டு படகின் அதிர்வில் தளரும். கேபிளின் உறைக்குள்ளே செம்பு கறுத்திருந்தால் அதை மாற்றுவதே முறை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைக்கிறது; கடலுக்கு அதுவே ஏற்றது.

மூன்றாம் படி, இயந்திரம். முதலிரண்டும் சரியாக இருந்தும் சோர்வு தீராவிட்டால், பாட்டரியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, பிளைவீலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எளிதாகச் சுற்றினால் குற்றம் ஸ்டார்ட்டரில். அதன் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். இறுக்கமாக இருந்தாலோ, பிளக் துவாரத்திலிருந்து தண்ணீர் வந்தாலோ, மேற்கொண்டு சாவியைத் தொடாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போகவேண்டும். உள்ளே உப்புநீரோடு கழியும் ஒவ்வொரு நாளும் செலவைப் பெருக்கும்.

நீரின் நடுவே இந்தச் சங்கடம் நேர்ந்தால் செய்யத்தக்கதும் உண்டு. முதலில் நங்கூரம் போடுக. பிறகே மோட்டாரைப் பார்க்கலாம். பத்து வினாடிக்குமேல் தொடர்ந்து சுழற்றலாகாது. இரண்டு நிமிஷமாவது ஆறவிடுக. பாட்டரி முனைகளை அசைத்து இறுக்கிப் பார்க்கலாம். பல மோட்டார்களில் அவசரக் கயிறும் இருக்கும். அதைச் சுற்றும் முறையைக் கரையிலேயே பழகியிருக்க வேண்டும்.

சீத்தா கேம்ப்பிலும் மான்குர்த்திலும் மெக்கானிக் வேலை பழகும் நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பொருளை மாற்றிப் பார்த்துக் குற்றம் தேடுவது வாடிக்கையாளரின் பணத்தில் பயிலும் வித்தை. அளந்து பார்த்துத் தேடுவதே தொழில். ஊரில் படகு வைத்திருக்கும் மைத்துனருக்கோ சித்தப்பாவுக்கோ அடுத்த முறை பணம் அனுப்பும்போது, ஒரு மல்டிமீட்டரும் ஒரு டப்பா வாஸலினும் சேர்த்து அனுப்புங்கள். அரை வோல்ட் கணக்கையும் தொலைபேசியில் சொல்லிக்கொடுங்கள். பாட்டரி வாங்கப் பணம் கேட்டு வரும் அழைப்பு ஒன்று குறையும். மாலையில் கரைசேர வேண்டிய படகு மாலையிலேயே கரைசேரும்.