வேலைவெட்டி இல்லாதவர்களின் படமா?

சென்ற வாரம் வீட்டுக்கு வந்த பழைய அலுவலக நண்பர் என் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தார். "வேலைவெட்டி இல்லாத பணக்காரர்கள் கூத்தடிக்கிறார்கள். இதைப் போய் மாட்டி வைத்திருக்கிறீரே!" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1876-இல் வரைந்த 'மூலேன் த லா கலேத் நடனம்' என்ற ஓவியத்தின் அச்சுப் பிரதி அது. அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோன்மார்த்ர் குன்றில், பழைய காற்றாலையை ஒட்டிய நடனத் தோட்டம். ஞாயிறு பிற்பகல். மர இலைகளின் ஊடே இறங்கும் வெயில், ஆடுகிறவர்களின் முதுகிலும் தொப்பியிலும் பொட்டுப் பொட்டாக விழுகிறது.

இவர்கள் பணக்காரர்களா? அன்றைய மோன்மார்த்ர் உழைப்பாளிகளின் பகுதி. ஓவியரின் நண்பர்களோடு படத்தில் இருக்கும் பெண்களில், அக்கம்பக்கத்தில் தையல் வேலை செய்தவர்களும் உண்டு. ரெனுவாரும் சீமான் வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா தையல்காரர். மகன் 13 வயதிலேயே பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குப் போனவர்.

இன்னொன்றும் பாருங்கள். 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுச்சி வெடித்தது இதே குன்றில்தான். அது ரத்தத்தில் முடிந்து ஐந்தே ஆண்டுகளில் இந்த நடனம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று பிரான்சில் சட்டம் வந்ததோ 1906-இல். அதாவது, படம் வரைந்து 30 ஆண்டுகள் கழித்து. அந்த ஞாயிறு அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல.

ரெனுவார் கஷ்டத்தைக் காட்டவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் உழைப்பாளியை வரைந்தால் வியர்வையோடுதான் வரைய வேண்டும் என்று யார் விதித்தது? அவனுக்குச் சிரிப்பே கிடையாதா? அவன் ஆடினால் மட்டும் அது சோம்பேறித்தனமா?

நண்பரே, நீரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகூட ஃபைல்களை வீட்டுக்குத் தூக்கி வந்தவர்கள். அதைப் பெருமையாகவும் பேசிக்கொண்டோம். "ஒரு நாள் சாயங்காலம் எங்கேயாவது வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வரலாமே" என்று என் மனைவி எத்தனையோ முறை கேட்டாள். "ரிட்டயர் ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். ரிட்டயரும் ஆனேன். அவள்தான் இல்லை.

அந்தத் தையற்காரப் பெண்கள் நம்மைவிட விவரமானவர்கள். படம் சுவரிலேயே இருக்கட்டும்.